பூஜைக்கு வைத்த கடல்கள்ளன்

இதை இடது கைக் கட்டைவிரலால் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் அந்த விரலுக்குப் புது உத்தியோகம். மெதுவாகத்தான் நகர்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன பை மாதிரி. எதிரே டிவி மேசையின் ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை நிற்கிறது. கடல்கொள்ளைக்காரன். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் கள்ளன். என் மகள் சின்ன வயதில் மலையாளத்தில் வைத்த பெயர் அது. இன்றைக்கு அவன் கையில் கத்தி இருக்கிறது. அந்தக் கத்தி அங்கே எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் செல்போன் ரிப்பேர்க்காரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடித் திருவனந்தபுரம் வந்தேன். சாலை என்று பெயர் கொண்ட பெரிய கடைத்தெருவில் ஒருவரிடம் நின்று தொழில் கற்றேன். பிறகு நகரத்தின் ஓரத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒற்றை அறை எடுத்துச் சொந்தமாகக் கடை போட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள்தான் என் வாடிக்கை. ஹாஸ்டல் படியில் விழுந்த போன், கக்கூஸில் விழுந்த போன், காதலனோடு சண்டை போட்டுச் சுவரில் எறிந்த போன் எல்லாம் என்னிடம் வரும். போர்டில் தூசி அளவுக்கு இருக்கும் உதிரியை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ட்வீசரால் எடுத்து, சால்டரிங் முனையால் ஒரு தொடு தொட்டு உட்கார வைப்பேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. தும்மல் வந்தால் போச்சு. மற்றக் கடைக்காரர்கள் கையை விரித்த போன்களுக்கெல்லாம் நான் உயிர் கொடுத்திருக்கிறேன். தற்பெருமைதான். சொல்லிக்கொள்ள இப்போது அதுதான் மிச்சம் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கடையில் உட்கார்ந்திருக்கும்போது ட்வீசர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. திரும்பவும் குனிந்தபோது நானும் சேர்ந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரோக் என்றார்கள். பேச்சு குழறியது, பிறகு சரியாகிவிட்டது. கால் இழுத்தது, அதுவும் ஓரளவு வழிக்கு வந்துவிட்டது. முதலில் திரும்பி வந்தது என் வாய்தான் என்பதில் வீட்டில் யாருக்கும் பெரிய சந்தோஷம் இல்லை என்று என் மனைவி சொல்வாள். கை மட்டும் வரவில்லை.

பிசியோதெரபி செய்கிற பெண்ணுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். "சேட்டா, சின்னச் சின்ன சாமான் எடுத்து எடுத்து வைக்கணும். ஒரு திவசம் போலும் முடக்கருது, கேட்டோ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள். ஒரு நாள்கூட விடக்கூடாதாம். மனைவி ஒரு தட்டில் கொண்டைக்கடலையையும் பொத்தான்களையும் போட்டு முன்னால் வைத்தாள். இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்ற வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டேன். கடலை வீடு முழுக்க உருண்டது. அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் பொறுக்கினாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் மகள் பரணில் ஏறி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். பிளஸ் டூ படிக்கிறாள். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பது அவள் வழக்கம். "அப்பா, இது நம்ம கள்ளனில்லே! இதுக்கு நிறைய சாமான் உண்டு. எல்லாத்தையும் மாட்டிட்டு, பின்னே கழட்டினா போதும், மதி. கடலையைவிட நல்லதில்லே?" என்றாள். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது நான்தான் அதைச் சாலைக் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தேன். மற்றப் பெண் பிள்ளைகள் முடி வாரிவிடுகிற பொம்மைக்கு அழும்போது இவள் இந்த ஒற்றைக்கண்ணனுக்கு அழுதாள்.

கடைக்கு வருகிற எந்தச் சாமானையும் நான் முதலில் கண்ணால்தான் பார்ப்பேன், கை பிறகு. கள்ளனையும் அப்படித்தான் பார்த்தேன். மலிவுச் சாமான். இரண்டு அச்சுப் பாதிகள் சரியாகச் சேராததால் தோளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரு வரம்பு ஓடுகிறது. சட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். முன்பக்கத்துக் கோடும் பின்பக்கத்துக் கோடும் விலாவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. தாடிக்குப் பூசிய கறுப்பு ஒரு கன்னத்தில் வழுக்கிப் போயிருக்கிறது. கண்ணை மறைக்கும் பட்டையின் கயிறு தலைக்குப் பின்னால் போய்ப் பாதியில் நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள ஒரு கண் வெள்ளைப் புள்ளிமேல் ஒரு கறுப்புப் புள்ளி. அது நேராக இல்லை. நாம் எதிரே உட்கார்ந்தால் நமக்குப் பின்னால் நிற்கிறவரைத்தான் அவன் பார்ப்பான். இடுப்பு வார்ப்பூட்டில் தங்கப் பூச்சு போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் மரக்கட்டை. இடது மணிக்கட்டில் கைக்குப் பதில் சாம்பல் நிறக் கொக்கி. வலது கைக்கு விரல்கள் கிடையாது. பாதி மூடிய வளையம்போல் ஒரு பிடி, அவ்வளவுதான். ஒரு கண், ஒரு கை, ஒரு கால். என்னைவிட மோசமான கேஸ். ஆனாலும் வாய் நிறையச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு ஒற்றைச் சிவப்புக் கோடு. அழிக்க முடியாது.

அவனுடைய சாமான்கள் என்னைக் கவர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மண்டையோடு போட்ட மூன்று மூலைத் தொப்பி. அதன் அடியில் ஒரு குமிழ், தலையில் அதற்கான குழி. ஒரு பச்சைக்கிளி. அதன் வயிற்றில் உள்ள கவ்வி தோளில் உட்காரும். ஒரு கைத்துப்பாக்கி. ஒரு தூரக்கண்ணாடி, அதன் வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, உள்ளே அடைப்பு. மூடி திறந்து மூடும் ஒரு புதையல் பெட்டி. உள்ளே பொற்காசுகள் ஒரே கட்டியாக அச்சில் வார்த்தவை. ஒரு காசைக்கூட யாரும் செலவு செய்ய முடியாது. கடைசியாக அந்தக் கத்தி. வளைந்த சாம்பல் அலகு, தீக்குச்சி கனத்தில் மஞ்சள் கைப்பிடி. அந்தக் கைப்பிடியை வளையத்தில் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். எனக்கு ரொம்பப் பழக்கமான சத்தம். போனில் டிஸ்ப்ளே கனெக்டர் உட்காரும்போது இதே சத்தம்தான் கேட்கும். கேட்டதும் வேலை சரியாக நடந்துவிட்டது என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த விளையாட்டுக்குச் சம்மதித்தேன்.

தொப்பி முதலில் கைகூடியது. பெட்டியின் மூடியைக் கட்டைவிரலால் தூக்கினேன். கிளியைத் தோளில் வைத்தேன், அது தினமும் குப்புற விழுந்தது. ஆனால் கத்தி வேறு ரகம். என் வியாதியைப் பற்றித் தெரியாதவர்கள், பிடிப்பதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். பிடித்துவிடலாம். விரல்கள் தாமாகவே சுருண்டுகொள்ளும். விடுவதுதான் கஷ்டம். கத்தியை எப்படியோ கவ்விக்கொண்டுபோய் வளையத்தில் முட்டி அழுத்துவேன். உட்காரும். பிறகு கையை எடுத்தால் கள்ளனும் கூடவே வருவான். என் விரல்களில் கத்தி, கத்தியில் தொங்கிக்கொண்டு கள்ளன். விடு என்று கைக்குச் சொல்வேன். கேட்காது. மனதுக்குள் சொல்வேன், வாய்விட்டுச் சொல்வேன், கெட்ட வார்த்தையிலும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மகள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவனை விடுவிப்பாள். அவள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே இதைச் செய்வாள், அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக ஹைவேயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படி இருக்கும்போது கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு நாள் வந்தார். நல்ல மனிதர். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, வந்த விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார். மாதக்கணக்கில் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது, ஜூஸ் கடை போட ஒருவர் அறையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் கடை திறப்பதாக இருந்தால் அவருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். "அவசரம் ஒன்னும் இல்ல அண்ணாச்சி. பூஜை கழிஞ்சு பறஞ்சா மதி" என்றார். பூஜை முடிந்து பதில் சொன்னால் போதும் என்கிறார்.

"அதென்ன சார், பூஜை முடிஞ்சதும் திறந்துர வேண்டியதுதான்" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூஜை என்றால் இங்கே நவராத்திரியின் கடைசி நாட்கள். எங்கள் ஊரில் ஆயுத பூஜை ஒரு நாளோடு முடிந்துவிடும். இங்கே அஷ்டமி சாயங்காலமே புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சாமி முன்னால் வைத்துவிடுவார்கள். தசமி காலையில் பூஜை எடுக்கும் வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, வேலை செய்யக்கூடாது. எடுத்த பிறகு அவரவர் தொழிலைக் கொஞ்சமாவது செய்து தொடங்கி வைக்க வேண்டும். பிள்ளை குட்டிகளுக்கு இதைவிட நல்ல பண்டிகை கிடையாது. நாங்களும் வந்த நாளிலிருந்து இந்த வழக்கத்துக்கே மாறிவிட்டோம். மகள் பாடப் புத்தகங்களை வைப்பாள். மனைவி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள், அவள் கத்தரியையும் டேப்பையும் வைப்பாள். என்னுடையது டூல்ஸ் பை. ட்வீசர்கள், குட்டி ஸ்க்ரூ டிரைவர்கள், சால்டரிங் அயர்ன் எல்லாம் அதில் இருக்கும். அதன்மேல் கடைச் சாவி. நான்தான் குங்குமம் வைப்பேன்.

இந்த வருஷமும் அஷ்டமிக்கு முன்னால் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகளைத் தைத்து முடிக்க அவள் இடுப்பொடிய உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, மணையில் பட்டுத் துணி விரித்தாள். மகள் புத்தகங்களை அடுக்கினாள். பிசிக்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணில் படாத இடத்தில். பிறகு கத்தரி, டேப். தையல் மிஷினுக்குச் சந்தனம். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது என் பை என்று காத்திருந்தேன்.

மனைவி டிவி மேசைக்குப் போய்க் கள்ளனை எடுத்தாள். ஈரத்துணியால் அவனைத் துடைத்தாள். முகத்தை, கொக்கியை, காலுக்கு அடியில்கூட. மணையில் கத்தரிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். ஒரு வெற்றிலையில் தொப்பி, கிளி, துப்பாக்கி, தூரக்கண்ணாடி, பெட்டி, கத்தி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். மோதிர விரலால் அவன் நெற்றியில் சந்தனம் தொட்டு, அதன்மேல் ஒரு புள்ளி குங்குமம் வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

"என்னது இது?" என்றேன்.

"அப்பாவோட ஆயுதம்!" என்று மகள் சிரித்தாள்.

மனைவி சிரிக்கவில்லை. அவள் கேலி செய்யவே இல்லை. "தினமும் நீங்க கையில எடுக்கது இதத்தானே" என்றாள்.

"என் டூல்ஸ் பை எங்க?"

"பரணிலதான் இருக்கு. இந்த வருசம் அதத் தொட்டியளா? வேல செய்யுத சாமானத்தத்தானே வைக்கணும்." சூடத்தட்டை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

வழக்கப்படி அவள் சொன்னது சரி. புழங்குகிற சாமானைத்தான் வைப்பார்கள். பரணிலிருந்து பையை இறக்கித் தா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துத் தந்திருப்பாள், மறுக்கிறவள் இல்லை. ஆனால் எதுக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால்? அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நானே ஏறி எடுக்கலாம் என்றால், ஒரு கையால் பிடித்து ஒரு காலால் ஊன்றிப் பரண் ஏற நான் கள்ளனும் இல்லை. என் கடை திறக்காது என்று அவள் முடிவு செய்திருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவள் ஒன்றையும் முடிவு செய்யவில்லை. இயல்பாக அவள் கை அந்தப் பொம்மையை நோக்கிப் போயிற்று. அதுதான் எனக்கு வலித்தது. என்னை நன்றாக அறிந்த ஒருத்தியின் கைக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை. சூடம் காட்டினாள். இடது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் நவமி. பயிற்சி செய்ய வழியில்லை, பயிற்சிச் சாமான் சாமி முன்னால் இருக்கிறது. தெரபிஸ்ட் பெண் வழக்கம்போல் போனில் விசாரித்தாள். "கள்ளன் பூஜைல இருக்கான் சேச்சி" என்று மகள் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்கிறவள், பூஜை என்றதும் மறுபேச்சுப் பேசவில்லை. அவளும் தன் புத்தகங்களை வைத்திருப்பாள். அன்று முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து குங்குமப் பொட்டோடு நிற்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுதே போகவில்லை. விட்டால் ஒழிந்தது என்று நினைத்த பயிற்சி இல்லாமல் கை என்னவோ செய்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பொம்மைக்கு ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று நினைத்தேன்.

இன்று காலை பூஜை எடுத்தோம். மகள் ஒரு புத்தகத்தைப் பிரித்து இரண்டு வரி சத்தமாக வாசித்தாள். மனைவி கத்தரியை எடுத்து ஒரு துண்டுத் துணியை வெட்டினாள். அடுத்தது என் முறை. மற்ற வருஷங்களில் பழுதான போன் ஒன்றைத் தயாராக வைத்திருப்பேன். ஒரு ஸ்க்ரூவைத் திருகி முடுக்குவேன், தொழில் தொடங்கியாகிவிட்டது. அதை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள், மகள் மறுபடி போர்வைக்குள் புகுந்திருப்பாள்.

இன்று இரண்டு பேரும் போகவில்லை. எனக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக் கள்ளனை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். வெற்றிலையிலிருந்து கத்தியை எடுக்கச் சொன்னாள் மகள். எடுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அது ஆடியது. மனைவி தையல் ஊசிக்கு அடியில் துணியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் கள்ளனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை அவன் கன்னத்தில் குத்தினேன். அடுத்த தடவை வளையத்தில் முட்டியது. அழுத்தினேன். 'டக்.'

இனி விட வேண்டும். விடு என்றேன். கேட்கவில்லை. சரி, நீ கேட்கிற ஜாதி இல்லை என்று கையை அப்படியே விட்டுவிட்டு, வெற்றிலையில் குப்புறக் கிடந்த கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆள்காட்டி விரல் லேசாக விலகியது. பிறகு கட்டைவிரல். என் கை தனியாக மேலே வந்தது. கத்தி அவன் கையிலேயே இருந்தது. அவன் ஸ்டூலில் நின்றான்.

இரண்டு பேரும் கை தட்டினார்கள். மகள் "அடிபொளி அப்பா!" என்று கத்தினாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். நடிப்பில்லை, ஒப்புக்குத் தட்டவில்லை, மனசார சந்தோஷப்பட்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியுமா?

தூசி அளவு உதிரியை மூச்சடக்கி நான் உட்கார வைத்த நாட்களில் இந்த வீட்டில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை. குழந்தை முதல் அடி எடுத்து வைத்தால் தட்டுவோம், தினமும் கடைக்கு நடந்து போகிறவனுக்கு யார் தட்டுவார்கள்? செய்துவிடுவான் என்று தெரிந்தவனுக்குத் தட்ட மாட்டார்கள். சின்ன வயதில் இதே கள்ளனுக்கு இதே மகள் முதல் தடவை தொப்பி மாட்டியபோது நானும் மனைவியும் அப்படித்தான் தட்டினோம். நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பது அந்தச் சத்தத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. கையாலாகாதவன் என்ற சொல்லை எத்தனையோ பேரைப் பார்த்து நான் வீசியிருக்கிறேன். அது இவ்வளவு நேரடியான சொல் என்று இன்றுதான் புரிந்தது.

மகளிடம் கட்டடக்காரருக்குப் போன் போடச் சொன்னேன். போட்டு என் காதில் வைத்தாள்.

"பூஜை முடிஞ்சுட்டு சார். அந்த ஜூஸ் கடைக்காரருக்கே ரூமைக் குடுத்துருங்க" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. அவர் என்னவோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தார். சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டேன்.

மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவள் முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் முழுதாக வடியவில்லை, அதற்குள் இது என்ன என்ற திகைப்பும் சேர்ந்துகொண்டது. கடையைக் கைவிடச் சொல்லி அவள் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏங்க, ஏன் இப்பிடிச் சொன்னிய?" என்றாள். "இன்னைக்கு நல்லாத்தானே செஞ்சிய!"

"ஆமா" என்றேன். "நல்லாத்தான் செஞ்சேன்."